அஞ்சலைக்கு மொழிபெயர்த்துச் சொன்னவை

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள்: கூட்டாதே, குறைக்காதே. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு வேலை பழக்கிய மூத்தவர் இன்னும் ஒரு படி மேலே போய், "கோர்ட்டுக்குள்ள உன் வாய் உன்னோடது இல்லம்மா" என்பார். குற்றவாளி கெட்ட வார்த்தை பேசினால் நீங்களும் அதே வார்த்தையைப் பேச வேண்டும். சாட்சி "நான் கொன்றேன்" என்றால் நீங்களும் "நான் கொன்றேன்" என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் கூச்சமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

இதெல்லாம் உங்களுக்கே தெரியும். சட்டச் சொற்களுக்கு அகராதி இருக்கிறது. அகராதியில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளில் மலாக்காவில் நான் வேலை பார்த்தபோது அஞ்சலை என்ற ஒரு பெண்ணுக்காக மொழிபெயர்த்தேன். அந்த வழக்கில் ஓர் இடத்தில் விதியை மீறி வாய் திறந்தேன். இன்னோர் இடத்தில் விதிப்படி ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் சொன்னேன். இரண்டுமே சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் மனம் ஆறவில்லை.

குருபோங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. அதன் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிற வேலை அஞ்சலைக்கு. ஒரு நாள் குடிநுழைவு அதிகாரிகள் அங்கே சோதனைக்கு வந்தார்கள். பெர்மிட் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தேடி வந்தவர்கள் எல்லாரிடமும் அடையாள அட்டை கேட்டார்கள். அஞ்சலையிடம் குடிமக்களின் நீல ஐ.சி.யும் இல்லை, நிரந்தரவாசிகளின் சிவப்பு ஐ.சி.யும் இல்லை, எதுவுமே இல்லை. இந்தோனேசியப் பெண்களோடு அவரையும் லாரியில் ஏற்றினார்கள்.

மறுவாரம் அவர்கள் எல்லாரையும் நீதிமன்றத்தில் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த மாதிரிக் காலையை நீங்களும் பார்ப்பீர்கள். பெயர் கூப்பிடுவார்கள், குற்றச்சாட்டை வாசிப்பார்கள், ஒப்புக்கொள்வார்கள், தண்டனை சொல்வார்கள், அடுத்த ஆள் வருவார். இந்தோனேசியப் பெண்களுக்கு மலாய் தெரியும் என்பதால் நான் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அஞ்சலை பெயரைக் கூப்பிட்டார்கள்.

நாற்பதைத் தாண்டியிருப்பார். வேலைக்குப் போட்டிருந்த அதே சட்டை, கைலி. கைவிரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துப்போயிருந்தன. கூண்டில் ஏறியதும் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார், வாசலில் நின்ற காவலரையும் சேர்த்து.

செல்லத்தக்க அனுமதி எதுவும் இல்லாமல் மலேசியாவில் இருந்ததாகக் குற்றச்சாட்டு. நான் அதைத் தமிழில் சொன்னேன். "புரிஞ்சுதாம்மா? ஒத்துக்கிறீங்களா?"

"ஆமாங்கம்மா. எங்கிட்ட ஐ.சி. இல்லீங்க. எனக்கு யாரும் அனுமதியெல்லாம் குடுக்கல."

அதை அப்படியே மலாயில் சொன்னேன். மாஜிஸ்திரேட் ஓர் இளம் பெண்மணி. புதிதாக வந்தவர், வேகமாக எழுதுவார், யார் மேலும் எரிந்து விழமாட்டார். அவர் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், பூர்வீகம் எது என்று கேட்டார்.

தமிழில் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்போம்? நானும் அப்படித்தான் கேட்டேன். "உங்க ஊரு எதும்மா?"

"ராசிபுரம் பக்கமுங்க" என்றார் அஞ்சலை.

வழக்கை நடத்திய அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும், மலேசியாவில் இல்லாத ஓர் இடத்தின் பெயர் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அதை நான் உடனே மலாயில் சொல்லவில்லை.

தோட்டத்தில் பிறந்த எந்தத் தமிழரிடமும் "என்ன ஊரு?" என்று கேட்டுப்பாருங்கள். சேலம் என்பார், தஞ்சாவூர் என்பார், புதுக்கோட்டை என்பார். தாத்தாவோ அப்பாவோ கப்பல் ஏறிய ஊர் அது. யாராவது இந்தியாவுக்குத் திரும்பிப் போனால் "ஊருக்குப் போயிட்டாரு" என்போம். என்னைக் கேட்டாலும் லால்குடி என்றுதான் சொல்வேன். லால்குடி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. பெண் பார்க்கும்போதும் சாவு வீட்டிலும் கேட்கிற கேள்வி அது. அங்கே அதற்கு ஒரு பொருள். கூண்டில் நிற்கும்போது அதே பதில் வாக்குமூலம் ஆகிவிடுகிறது.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "என்ன சொல்கிறார்?"

கூட்டாதே, குறைக்காதே. ராசிபுரம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த நிமிடம் தண்டனை எழுதப்படும். அதன் பிறகு நாடு கடத்தும் முகாம். எந்த நாட்டுக்குக் கடத்துவார்கள்? இந்தியாவில் அவரை யாருக்குத் தெரியும்? அவர் முகாமிலேயே கிடக்க வேண்டியதுதான்.

எழுந்து நின்றேன். "புவான், ராசிபுரத்துக்கு அருகில் என்கிறார். அது தமிழ்நாட்டில் இருக்கிறது" என்றேன். பதிலைக் குறைக்கக் கூடாது, அதனால் முதலில் அதைச் சொன்னேன். பிறகு, "அனுமதித்தால் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். நான் கேட்ட தமிழ்ச் சொல்லுக்கு முன்னோர் வந்த இடம் என்றும் பொருள் உண்டு. அவர் எந்தப் பொருளில் பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. என் கேள்வி தெளிவாக இல்லை" என்றேன்.

அதிகாரி எழுந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் சாட்சியும் அல்ல, வழக்கறிஞரும் அல்ல என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்தார். "அவர் எங்கே பிறந்தார் என்று கேளுங்கள்."

கேட்டேன்.

"எங்க பொறந்தேன்னா கேக்கறாங்க?" அஞ்சலைக்கு ஒரே குழப்பம். "தோட்டத்துலதாங்கம்மா. லூபோக் சீனா பக்கத்துல. ரப்பர் ஸ்டோருக்குப் பின்னாடி வேலக்காரவங்க குடியிருக்கற லயம் இருந்துச்சு, அங்கதான். இப்ப அத இடிச்சிட்டாங்க."

"இந்தியாவுக்குப் போயிருக்கீங்களா?"

"நானா?" அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "நான் மலாக்கா டவுனுக்கே தீபாவளிக்கு ஒருக்காதாம்மா வருவேன்."

அதையும் சொன்னேன், அந்தச் சிரிப்பை மட்டும் விட்டுவிட்டு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதை ஏற்க முடியாது, விசாரணை நடக்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட் சொன்னார்.

பெரிதாக ஏதோ சாதித்துவிட்டதுபோல் எனக்கு இருந்தது. விசாரணை என்றால் ஜாமீன் வேண்டும், ஜாமீனுக்கு நிற்க ஒரு குடிமகன் வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அஞ்சலையின் மகள் தேவி. பதினெட்டு வயது முடிந்தும் அவளுக்கும் ஐ.சி. இல்லை. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் அம்மாவைப் பற்றிய கட்டங்களில் 'விவரம் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். அப்பா நீல ஐ.சி.க்காரர்தான். ஆனால் கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை, மனிதரும் லாரி விபத்தில் போய்விட்டார். பதிவில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை குடியுரிமையில் சட்டப்படி அம்மா பக்கம். அம்மா எந்தப் பக்கமும் இல்லை.

ஜாமீனுக்கு ஆள் இல்லாததால் அஞ்சலையைச் சிறைக்கே கொண்டுபோனார்கள். கூண்டிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒத்துக்கிட்டா சீக்கிரம் வுட்டுருவாங்கன்னு அந்த இந்தோனேசியாக்காரவங்க சொன்னாங்களேம்மா. நான் ஏதும் தப்பா பேசிட்டனா?"

"இல்லம்மா. சரியாத்தான் பேசினீங்க."

"அப்பறம் ஏன் உள்ள போட்றாங்க?"

ஒப்புக்கொண்ட அந்தப் பெண்கள் கொஞ்ச காலத்தில் கப்பல் ஏறி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் திருப்பி அனுப்ப ஒரு நாடு இருந்தது.

அன்று மத்தியானம் மேலதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. "இந்த ஒரு முறை சரியாப் போச்சு. தினமும் இப்படி எழுந்து நின்னா உன்ன யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். அதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியிலேயே ஓட்டை இருந்தால் எழுந்து சொல்லுங்கள். அந்த மனிதர்மேல் பாவப்பட்டு எழுந்திருக்காதீர்கள். நான் எழுந்தது எதற்காக என்று கேட்டால், இரண்டும் கலந்துதான் இருந்தது. வெளியே சொன்னது ஒரு காரணத்தை மட்டும்.

விசாரணைக்கு மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் தேவி அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. தோட்டத்து ஆட்கள் நாலா பக்கமும் சிதறிப் போயிருந்தார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதிய பழைய கிராணி இறந்துவிட்டார். அஞ்சலையை வளர்த்த சின்னம்மாவும் இல்லை. அப்பா அஞ்சலை நடக்கப் பழகும் முன்பே ஊருக்குப் போனவர், திரும்பவே இல்லை. சின்னம்மா எப்போதோ "மலாய்க்கார பிடான்தான் ஒன்னை எடுத்தா" என்று சொன்னதாக அஞ்சலைக்கு நினைவு. பிடான் என்றால் மருத்துவச்சி. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தேவி லூபோக் சீனாவைச் சுற்றியுள்ள கம்போங் என்கிற கிராமங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி விசாரித்தாள். கடைசியில் ஒரு வீட்டில் அந்த அம்மாள் உயிரோடு இருந்தார். இலவசமாக வழக்கை எடுத்துக்கொண்ட ஓர் இளம் வழக்கறிஞர் அவரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்.

பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார் அந்த மாக் பிடான், பிடான் அம்மா. கண் சரியாகத் தெரியாது, குரல் மட்டும் கணீரென்று இருந்தது. அவர் மலாயில் பேசியதால் நீதிமன்றத்துக்கு என் உதவி தேவைப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நடப்பதெல்லாம் விளங்க வேண்டுமே, அதனால் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று அஞ்சலையின் காதில் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி குறுக்கு விசாரணையில் கேட்டார்: "நீங்கள் எத்தனையோ குழந்தைகளை எடுத்திருப்பீர்கள். இவர்தான் அந்தக் குழந்தை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

"முகம் தெரியாது. அன்று பிறந்த குழந்தையின் முகம் யாருக்கு நினைவிருக்கும்?" என்றார் மாக் பிடான். "அந்த லயத்தில் கடைசி வீடு. அப்பன் பெயரும் தெரியும், சின்னம்மா பெயரும் தெரியும். இந்தப் பெண்ணின் மகள் வந்து அந்தப் பெயர்களைச் சொன்னாள். எனக்கு அந்த வீடு மறக்காது."

"ஏன் மறக்காது?"

மாக் பிடான் நிதானமாகச் சொன்னார்.

சாட்சி எப்படிப் பேசுகிறாரோ அப்படியே, தன்மையில்தான் மொழிபெயர்க்க வேண்டும். எனக்கு வேறு வழி தெரியாது. அஞ்சலையின் காதில் சொன்னேன்: "புள்ள பொறந்துச்சு. ரத்தம் நிக்கல. நான் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி வர்றதுக்குள்ள அவங்க அம்மா என் கையிலதான் செத்தாங்க."

அஞ்சலை சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "காய்ச்சல்ல போயிட்டாங்கன்னுதானே சின்னம்மா சொன்னாங்க?" என்று என்னிடமே கேட்டார்.

அவரிடம் நானாக எதுவும் சொல்லக்கூடாது. மாக் பிடான் பேசிக்கொண்டே இருந்தார், நானும் தொடர வேண்டியிருந்தது. "அந்தாளு பித்துப் பிடிச்ச மாதிரி இருந்தாரு. பொறப்பு எழுத கிராணிகிட்ட போங்கன்னு சொன்னேன். போறேன்னாரு. போகல போல. சாவ எழுதினாங்க, பொறப்ப எழுதல."

கூண்டின் கம்பியைப் பிடித்திருந்த அஞ்சலையின் கை தளர்ந்தது. அவர் அழவில்லை. சாட்சி மேடையில் நின்ற அந்தக் கிழவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாக் பிடான் இறங்கிப் போகும்போது, கண் தெரியாமல் கூண்டு இருந்த பக்கமாகத் திரும்பி, "மாஃப் லா, நாக்" என்றார். மன்னிச்சுக்கோ மகளே என்று அர்த்தம். அது பதிவில் ஏறாத பேச்சு. மொழிபெயர்க்க எனக்குக் கடமை இல்லை. அஞ்சலைக்கு அந்த அளவு மலாய் தெரியும். தலையை மட்டும் ஆட்டினார்.

புதியவர்கள் கேட்பீர்கள், அப்படிப்பட்ட நேரத்தில் கொஞ்சம் மென்மையாக்கிச் சொல்லக் கூடாதா என்று. "அம்மா தவறிட்டாங்க" என்று சொல்லலாமே, "என் கையில செத்தாங்க" என்றா சொல்ல வேண்டும்? நானும் பல முறை யோசித்திருக்கிறேன். அது அஞ்சலையின் அம்மாவின் சாவு. அவர் வாழ்க்கையில் அதைப் பற்றி உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அந்தக் கிழவி. அதில் நான் கைவைத்திருந்தால் அவருக்கு அதுவும் மிஞ்சியிருக்காது.

அன்றே அதிகாரி மேலிடத்தில் பேசிவிட்டு வந்து வழக்கைத் தொடரப்போவதில்லை என்றார். மாஜிஸ்திரேட் உத்தரவை வாசித்தார். விடுவிக்கப்படுகிறார், ஆனால் அது குற்றமற்றவர் என்ற விடுதலைக்குச் சமம் ஆகாது. சட்டத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். அஞ்சலைக்குத் தெரியாது. அவருக்குத் தெரியப்படுத்துவதுதான் என் வேலை.

"உங்கள இன்னிக்கு விடறாங்கம்மா. நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றேன். அஞ்சலை கும்பிட்டார். பின்வரிசையில் தேவி அழ ஆரம்பித்துவிட்டாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உத்தரவு அங்கே நிற்கவில்லை. "ஆனா இது முழு விடுதலை இல்ல. தேவைப்பட்டா இதே குற்றத்துக்கு மறுபடியும் உங்க மேல வழக்குப் போடலாம்."

கும்பிட்ட கை அப்படியே நின்றது. "மறுபடியுமா?"

"போடலாம்னு இருக்கு."

"எப்பம்மா?"

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். "எப்போது என்று கேட்கிறார்" என்றேன். அவர் அதற்குப் பதில் இல்லை என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை. இன்று அதே உத்தரவை என் கையில் கொடுத்தாலும் அதே சொற்களைத்தான் சொல்வேன். ஒரு மனிதரைப் பற்றி எழுதப்பட்டதை அவரிடமிருந்து மறைக்க நமக்கு உரிமை கிடையாது.

அஞ்சலை அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தேவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடிக்கடி நீதிமன்றத்துக்கு வந்து வாசலில் காத்திருப்பாள். "ஆண்ட்டி, இந்தக் கடுதாசில என்ன போட்ருக்கு பாருங்களேன்" என்பாள். பதிவு இலாகாவில் விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். மாக் பிடானின் சத்தியக் கடிதம், தோட்டத்துச் சாவுப் பதிவு என்று என்னென்னவோ சேர்த்துக் கொடுத்தார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. அஞ்சலை கண்ணை மூடும் வரை அதே பதில்தான்.

பழைய வேலைக்கு அவரை எடுக்கவில்லை. கடைக்காரருக்குப் பயம். லூபோக் சீனாவுக்கு வெளியே ஒரு கம்போங்கில் வாடகை வீடு பிடித்துக்கொண்டு முறுக்கு சுட்டுக் கொடுத்தார். தேவிதான் எடுத்துப்போய் விற்றாள். அஞ்சலை முதலில் டவுனுக்கு வருவதை நிறுத்தினார். பிறகு காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவதை. பிறகு பெரிய சாலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். "அம்மா முன்ன இப்படி இல்ல ஆண்ட்டி. ஐ.சி. இல்லாமலேயே எல்லா எடத்துக்கும் போவாங்க. இப்ப கோர்ட்டே விட்டதுக்கப்பறம் பயப்படறாங்க லா" என்று தேவி ஒருநாள் காப்பிக் கடையில் சொன்னாள். நான் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். முன்பு அவருக்கு அது குற்றம் என்று தெரியாது. அதைத் தெளிவாக, புரியும்படி எடுத்துச் சொன்னவள் நான்.

இரண்டொரு வருடம் கழித்து தேவிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை கோலா சுங்கை பாருவில் மீன் ஏற்றும் லாரி ஓட்டுபவர், நல்ல பையன். அவன் வீட்டில்தான் ரொம்ப யோசித்தார்கள். பெண்ணுக்கு ஐ.சி. இல்லாததால் கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியாது. கோயிலில் தாலி மட்டும் கட்டிக்கொள்வது என்று முடிவானது. மாப்பிள்ளை ஊர்க் கோயிலிலேயே வைத்துக்கொண்டார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த எனக்குச் சட்டம் தெரிந்திருந்ததுதான் பாரமாக இருந்தது. இனி இவளுக்குப் பிறக்கும் பிள்ளையும் பதிவில்லாத கல்யாணத்தின் பிள்ளை.

மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய வேனில் கம்போங்கிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். அஞ்சலையைக் காணோம். வேனில் ஒரு காலை வைத்தவர் இறங்கிவிட்டாராம். "நீங்க போங்க, நான் பின்னாலயே வேற காடியில வர்றேன்" என்றாராம். தேவி மணப்பெண் அலங்காரத்தோடு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஆண்ட்டி, ஒங்க காடியில போய் அம்மாவக் கூட்டிட்டு வந்துருங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க."

போனேன். கதவு திறந்திருந்தது. பட்டுப்புடவை கட்டி, தலை வாரி, செருப்பும் மாட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் அஞ்சலை. மடியில் கைப்பை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்கக்கா." நீதிமன்றத்துக்கு வெளியே என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"கௌம்புங்க அஞ்சல. முகூர்த்தத்துக்கு நேரம் ஆகுது. காடி வெளியில நிக்குது."

இரண்டடி நடந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "வழியில செக்கிங் இருக்குமாக்கா?"

இருக்காது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு அவர் காரில் ஏறியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். வாழ்நாள் முழுக்கத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமலே பழகிய நாக்கு எனக்கு. "நான் வரும்போது இல்ல" என்றேன்.

"வரும்போது இல்ல. போம்போது?"

"தெரியாது அஞ்சல. இருந்தா நான் எறங்கிப் பேசறேன்."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவங்க சொல்றத எனக்குச் சொல்லுவீங்க. நான் சொல்றத அவங்களுக்குச் சொல்லுவீங்க. அதுக்கு மேல நீங்க என்னக்கா பண்ணுவீங்க, பாவம்."

"கல்யாணம் அஞ்சல. ஒரே பொண்ணு."

"அதுக்குத்தாங்க்கா சொல்றேன். என்னைய வழியில எறக்கிக் கூட்டிட்டுப் போனாங்கன்னா கல்யாணப் பந்தல்ல எல்லாத்துக்கும் தெரிஞ்சிடும். பொண்ணுக்கு ஐ.சி. இல்லன்னுதான் அரை மனசா ஒத்துக்கிட்டாங்க. அவ அம்மாவ போலீஸ் பிடிச்சிருக்குன்னா? காலம் முழுக்க அவள அந்த வீட்டுல சொல்லிக்காட்ட மாட்டாங்களா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தலைசுத்தலுன்னு சம்பந்திகிட்ட சொல்லிருங்க. ராத்திரியெல்லாம் வாந்தின்னு சொல்லுங்க. நம்புவாங்க. ஒரு வார்த்தை கூடக்கொறையாம அப்படியே சொல்லிருங்கக்கா."

கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தேன். அவர் வரவில்லை.

நான் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னிடம்தான் முதலில் வந்து கேட்டார், சம்பந்தி எங்கே என்று. "அவங்களுக்குத் தலைசுத்தல். ராத்திரியெல்லாம் வாந்தி" என்றேன். அந்த அம்மாள் உண்மையாகவே வருத்தப்பட்டார். விருந்துச் சாப்பாட்டை மூடிபோட்டுக் கட்டிக் கொடுத்தனுப்பச் சொன்னார்.

தேவி மணமேடையிலிருந்து இறங்கி வந்தாள். மாலை கழுத்திலேயே இருந்தது. நான் அவள் மாமியாரிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். என்னை ஒரு தூண் பக்கமாக நகர்த்திக்கொண்டு போனாள்.

"வழியில செக்கிங் இருந்துச்சா ஆண்ட்டி?"

"இல்லம்மா."

"போறப்பவும் இல்லியா? வர்றப்பவும் இல்லியா?"

"ஒருத்தரும் இல்லம்மா. ரோடு காலியாத்தான் இருந்துச்சு."

அவள் தலை குனிந்துகொண்டாள். புகைப்படக்காரர் பெண் வீட்டார் எல்லாரும் வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை கூப்பிட்டார். பிறகு தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அவள் பக்கத்தில் என்னை நிறுத்தினாள்.